இரண்டாவது பயணத்துக்கான பாடம்

சாலை விபத்தில் பலமாகக் காயம்பட்ட ஒருவர் தமிழ்நாட்டில் பல நேரங்களில் இரண்டு முறை ஆம்புலன்ஸில் ஏற்றப்படுகிறார். முதல் முறை, விபத்து நடந்த இடத்திலிருந்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு; இரண்டாம் முறை, அங்கிருந்து நரம்பியல் அறுவை மருத்துவரும் தீவிர சிகிச்சைப் படுக்கையும் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு. முதல் பயணத்தைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். 2008 செப்டம்பரில் 108 சேவை தொடங்கியதிலிருந்து, வண்டி எத்தனை நிமிடத்தில் வந்தது என்பதே நமது அளவுகோலாக இருந்துவருகிறது. இரண்டாவது பயணத்தைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. ரெஃபரல் சீட்டில் கையெழுத்து விழுந்ததும், அனுப்பும் மருத்துவமனையைப் பொறுத்தவரை அந்த நோயாளி போய்விட்டார். வாங்கிக்கொள்ளப்போகும் மருத்துவமனையைப் பொறுத்தவரை அவர் இன்னும் வந்துசேரவில்லை. இடைப்பட்ட ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ அவருடைய உயிர் ஒரே ஒரு மருத்துவ உதவியாளரின் கையில் இருக்கிறது.

மயக்கவியல் மருத்துவரான நான், மேற்கு மாவட்டங்களில் செவிலியர்களுக்கும் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் இளம் மருத்துவர்களுக்கும் விபத்துச் சிகிச்சை குறித்த மறுபயிற்சி வகுப்புகளைச் சில ஆண்டுகளாக எடுத்துவருகிறேன். இந்தத் துறையில் தொடர்கல்வி யாருக்காக, எதைப் பற்றி, எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சில உறுதியான கருத்துகள் உண்டு. பாடத்திட்டத்தின் நடுவில் இந்த இரண்டாவது பயணத்தை வைக்க வேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானது.

இதன் அளவைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் ஆண்டின் கணக்கு போதும். ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின; நாட்டிலேயே அதுதான் மிக அதிகம். அந்த ஆண்டில் இங்கே 17,884 பேர் உயிரிழந்தார்கள். 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் தடையாக இல்லாமல் செய்தது. அது பெரிய காரியம். ஆனால் பணத் தடை நீங்கியபின் எஞ்சுவது திறன். அந்தத் திறன் பணியில் சேரும்போது ஒருமுறை ஊட்டப்பட்டு, அதன்பின் ஓய்வு பெறும்வரை அப்படியே இருந்துவிடும் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 108 சேவையின் ஆட்சேர்ப்பு அறிவிப்புகளில் மருத்துவ உதவியாளருக்கு 50 நாள் பயிற்சி என்றும், பைலட் எனப்படும் ஓட்டுநருக்கு 10 நாள் பயிற்சி என்றும் இருக்கும். தொடக்கத்துக்கு அது போதுமா என்பதைவிட, பத்தாண்டு கழித்து அந்த 50 நாட்களில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, மிஞ்சியதில் எவ்வளவு இன்றும் சரி என்பவைதான் எனக்கு முக்கியமான கேள்விகள்.

ஏனென்றால் விபத்துச் சிகிச்சையில் நேற்றைய சரி இன்றைய தவறாக மாறுவது அடிக்கடி நடக்கிறது. தலையில் அடிபட்டவருக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது ஒரு காலத்தில் உலகம் முழுவதும் இருந்த பழக்கம். மூளை வீக்கம் குறையும் என்ற நியாயம் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. 10,008 பேரை உள்ளடக்கிய ‘கிராஷ்’ ஆய்வு 2004இல் வெளிவந்தபோது, ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9 சதவீதம் என்று தெரியவந்தது. அதே போலத்தான் சலைன். ரத்தம் போய்க்கொண்டிருப்பவருக்கு இரண்டு லிட்டர் வரை வேகமாக ஏற்றுவது என்று ஒரு தலைமுறையே படித்தது. விபத்து உயிர்காப்புக்கான அமெரிக்கப் பாடநெறியான ஏ.டி.எல்.எஸ்., 2018இல் வந்த பத்தாம் பதிப்பில் அதை ஒரு லிட்டராகக் குறைத்து, அதற்கு மேல் ரத்தமே தேவை என்றது. நெஞ்சறையில் அடைபட்ட காற்றை ஊசி குத்தி வெளியேற்றும் இடத்தைக்கூட அதே பதிப்பு பெரியவர்களுக்கு மாற்றிவிட்டது: காறை எலும்புக்குக் கீழே இரண்டாம் விலா இடைவெளியில் இருந்தது, அக்குளுக்குக் கீழே நான்காம் அல்லது ஐந்தாம் விலா இடைவெளிக்கு நகர்ந்தது. முதுகுத்தண்டில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகத்துக்காகக் கெட்டியான ஸ்பைன் போர்டில் மணிக்கணக்கில் கட்டிவைப்பதையும் இன்று யாரும் பரிந்துரைப்பதில்லை. அந்தப் பலகை தூக்கி மாற்றுவதற்கு மட்டுமே.

இவை எதுவும் ரகசியமான செய்திகள் அல்ல. எம்.டி. படிக்கும் மாணவருக்கு இவை தேர்வுக் கேள்விகள். ஆனால் ஒரு தாலுகா மருத்துவமனையில் இரவுப் பணியில் தனியாக இருக்கும் செவிலியருக்கோ, வண்டியின் பின்பக்கத்தில் பன்னிரண்டு மணி நேரம் பணியாற்றும் உதவியாளருக்கோ இவை போய்ச்சேர ஒரு வழி இருக்கிறதா என்று கேட்டால், திட்டவட்டமான வழி எதுவும் இல்லை. அமெரிக்காவில் தேசியப் பதிவேட்டில் உள்ள, பாராமெடிக் எனப்படும் உயர்நிலை ஆம்புலன்ஸ் ஊழியர் ஒருவர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 60 மணி நேரத் தொடர்கல்வியைக் காட்டினால்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும். அடிப்படை நிலை ஊழியருக்கு அது 40 மணி நேரம். அந்த நாட்டு முறையை அப்படியே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மணிக்கணக்கை நிரப்புவதற்காக இணையத்தில் பொத்தானை அழுத்திக்கொண்டே போகும் பழக்கம் அங்கேயும் உண்டு. ஆயினும் புதுப்பித்தல் என்பது வேலையின் ஒரு பகுதி, விடுப்பு எடுத்துச் செய்ய வேண்டிய சொந்தக் காரியம் அல்ல என்ற எண்ணமாவது அங்கே சட்டகமாக இருக்கிறது.

ஏ.டி.எல்.எஸ். பாடநெறி பிறந்த கதையே இந்த விஷயத்தில் பொருத்தமானது. 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் ஓட்டிச்சென்ற சிறு விமானம் நெப்ராஸ்கா மாநிலத்தின் வயற்காட்டில் விழுந்தது. அவருடைய மனைவி அங்கேயே இறந்தார். பிள்ளைகள் நால்வரில் மூவருக்குப் பலத்த காயம். அருகிலிருந்த சிறிய மருத்துவமனையில் தம் பிள்ளைகளுக்குக் கிடைத்த சிகிச்சையைக் கண்டு மனம் கொதித்த அவர், சக மருத்துவர்களோடு சேர்ந்து உருவாக்கிய பயிற்சி 1978இல் அதே மாநிலத்தின் ஆபர்ன் என்ற சிற்றூரில் முதலில் நடந்தது. 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது. பெரிய நகரத்து நிபுணருக்காக அல்ல, கிராமத்து மருத்துவமனையில் விபத்து நோயாளியை எப்போதாவது ஒருமுறை மட்டும் பார்க்கும் மருத்துவருக்காகவே அது உருவானது. இன்று நம் நாட்டில் அந்தப் பாடநெறியில் சேர ஆகும் செலவையும், அது நடக்கும் நகரங்களையும் பார்த்தால், யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்கள்தான் அதிலிருந்து மிகத் தொலைவில் இருக்கிறார்கள். 2021இல் ஒன்றிய அரசு தொடங்கிய தேசிய அவசர உயிர்காப்புப் பயிற்சி இந்த இடைவெளியைக் குறைக்க முயல்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன்: சான்றிதழ் எண்ணிக்கையைக் கொண்டு தன்னை அளந்துகொள்ளும் பயிற்சித் திட்டங்களை நான் நம்புவதில்லை. சான்றிதழ்கள் வரிசையாகச் சுவரில் தொங்கிய ஒரு மருத்துவமனையில், நோயாளியை அனுப்புவதற்கு வைத்திருந்த பையிலிருந்த லாரிங்கோஸ்கோப்பில் (மூச்சுக்குழாய் போடத் தொண்டைக்குள் பார்க்கும் கருவி) விளக்கு எரியாததை நான் பார்த்திருக்கிறேன்.

பயிற்சியால் உண்மையிலேயே உயிர் பிழைக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அரிசோனா மாநிலத்தின் அனுபவத்தை. தலையில் பலத்த காயமடைந்தவர்களுக்கு ஆம்புலன்ஸில் செய்ய வேண்டியவற்றை மூன்றே விஷயங்களாகச் சுருக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்புலன்ஸ் அமைப்புகளின் ஊழியர்களுக்கு அங்கே கற்றுக்கொடுத்தார்கள். ஆக்சிஜன் அளவு குறையவிடாதே. ரத்த அழுத்தம் விழவிடாதே. கையால் மூச்சு கொடுக்கும் பையான ஆம்பு பேக்கை அவசரமாக அமுக்காதே. இவ்வளவுதான். புதிய மருந்தும் இல்லை, புதிய கருவியும் பெரிதாக இல்லை. 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 2019இல் வெளியான முடிவுகளில், எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் காயம் கடுமையாக இருந்த பிரிவில் உயிர் பிழைக்கும் வாய்ப்பு இரண்டு மடங்காகவும், அவர்களுள் தொண்டை வழியாகச் செயற்கை மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டவர்களில் மூன்று மடங்காகவும் உயர்ந்திருந்தது.

மூன்றாவது விதி எளிதாகத் தோன்றும். நடைமுறையில் அதுதான் மிகக் கடினம். பதற்றத்தில் இருக்கும் கை நிமிடத்துக்கு இருபத்தைந்து, முப்பது முறை என்று பேக்கை அமுக்கும். பெரியவருக்குத் தேவை சுமார் பத்து முறை. அதிகமாக அமுக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ஏற்கெனவே அடிபட்ட மூளைக்குப் போகும் ரத்தம் மேலும் குறைகிறது. மூளை அழுத்தம் குறையட்டும் என்று முன்பு வேண்டுமென்றே வேகமாக அமுக்கச் சொன்னதும் உண்டு என்பதால், மூத்த ஊழியர்களிடம் இந்தப் பழக்கத்தை மாற்றுவது புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதைவிடச் சிரமமாக இருக்கிறது. வகுப்பில் விரிவுரை முடிந்ததும் எல்லோரும் தலையாட்டுவார்கள். பொம்மையின் முன்னால் உட்காரவைத்து, பக்கத்தில் ஒருவரைக் கத்தச் சொல்லி, கைபேசியில் நிமிடக் கணக்கை ஓடவிட்டால், தலையாட்டியவர்களே மீண்டும் முப்பதுக்குப் போய்விடுவார்கள். ஆகவே இதை ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக முடியாது. உயிர்மீட்புத் திறன்கள் பயிற்சி முடிந்த சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகின்றன என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை மூன்று நாள் மாநாட்டு அரங்கில் நடத்துவதைவிட, மாதம் ஒருமுறை பணி மாறும் நேரத்தில் கேஷுவாலிட்டியிலேயே அரைமணி நேரம் நடத்துவது மேல் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இனி அந்த இரண்டாவது பயணத்துக்கே வருகிறேன். நோயாளி வண்டியில் ஏறியபின் செய்யக்கூடியவை மிகக் குறைவு. ஓடும் வண்டியில் குழாய் போட முடியாது, நரம்பு கண்டுபிடிக்க முடியாது, ஸ்டெதாஸ்கோப்பில் ஒன்றும் கேட்காது. ஆகவே பாடத்தின் பெரும்பகுதி வண்டி கிளம்புவதற்கு முந்தைய இருபது நிமிடங்களைப் பற்றியது. மூச்சுக்குழாய் தேவைப்படலாம் என்று தோன்றினால் அதை இங்கேயே போட்டுவிட வேண்டும். பல் வரிசையில் எத்தனை சென்டிமீட்டர் குறியில் குழாய் நிற்கிறது என்று எழுதிவைக்க வேண்டும். இரண்டு கைகளிலும் நரம்பு ஊசிகள் ஒழுங்காக ஓட வேண்டும். டிரானெக்சாமிக் அமிலம் போட்டிருந்தால், எத்தனை மணிக்குப் போட்டது என்பதைச் சீட்டில் எழுத வேண்டும். 40 நாடுகளில் 20,211 பேரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளிவந்த ‘கிராஷ் 2’ ஆய்வு இந்த மலிவான மருந்து ரத்தப்போக்கு மரணத்தைக் குறைக்கிறது என்று காட்டியது. ஆனால் காயம் பட்டு மூன்று மணி நேரத்துக்குப்பின் தொடங்கினால் தீங்கே நேரலாம் என்பதும் அதே ஆய்விலிருந்துதான் தெரிந்தது. மூன்று மணி நேரக் கெடு என்றால், பெரிய மருத்துவமனை போய்ப் போட்டுக்கொள்ளட்டும் என்று விடுவதற்கில்லை. முதல் கிராம் தாலுகா மருத்துவமனையில் பத்து நிமிடத்தில் ஏற வேண்டும். அடுத்த கிராம் எட்டு மணி நேரத்தில் ஏறும் சொட்டாக வண்டியிலேயே ஓட வேண்டும்.

நெஞ்சறையின் காற்றும் ரத்தமும் வெளியேற நெஞ்சில் குழாய் போட்ட நோயாளியை அனுப்பும்போது, அந்தக் குழாய் இறங்கும் பாட்டில் கவிழ்ந்துவிடும் என்று பயந்து குழாயைக் கிளாம்ப் போட்டு மூடி அனுப்பும் வழக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு நுரையீரல் ஓட்டையிலிருந்து காற்று கசிந்துகொண்டே இருக்கும். வெளியேறும் வழியை மூடிவிட்டால் அது நெஞ்சறையில் சேர்ந்து இதயத்தை நெரித்துவிடும். குழாய் திறந்தே இருக்க வேண்டும், பாட்டில் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே நிமிர்ந்து நிற்க வேண்டும். இதைப் பைலட்டுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன், ஏனென்றால் ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது பாட்டிலை நோயாளியின் வயிற்றின் மேல் வைப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

ஆக்சிஜன் கணக்கை எல்லோரும் மனத்தில் போடப் பழக வேண்டும். பத்து லிட்டர் கொள்ளளவுள்ள பி வகைச் சிலிண்டரில் அழுத்தமானி 100 பார் காட்டினால், உள்ளே ஏறக்குறைய 1,000 லிட்டர் இருக்கிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் 100 நிமிடம். வழியில் ஒரு ரயில்வே கேட், ஒரு திருவிழாக் கூட்டம் என்று வைத்துக்கொண்டால், பயண நேரத்தைப்போல இரு மடங்கு ஆக்சிஜன் இல்லாமல் கிளம்பக் கூடாது. அழுத்தத்தில் இயங்கும் சில டிரான்ஸ்போர்ட் வென்டிலேட்டர்கள் தாம் இயங்குவதற்கும் ஆக்சிஜனையே எடுத்துக்கொள்ளும் என்பதால் கணக்கு இன்னும் இறுகும்.

மலைப்பாதைக்கு இதே பாடம் வேறு முகம் காட்டும். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். கழுத்தில் காலர் போட்டு, மல்லாக்கக் கட்டப்பட்ட நோயாளி வளைவில் வாந்தி எடுத்தால், சக்‌ஷன் கருவி கைக்கெட்டும் தூரத்தில், ஓடும் நிலையில் இருக்க வேண்டும். (பின்பக்கத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் உதவியாளருக்கே அந்தப் பாதையில் தலைசுற்றும், இதை எந்தப் பாடப்புத்தகமும் எழுதவில்லை.) நோயாளியின் தலை வண்டியின் முன்பக்கம் இருப்பதால், இறக்கத்தில் தலை தாழ்ந்து கால் உயர்கிறது, ஒவ்வொரு பிரேக்குக்கும் ரத்தம் தலையை நோக்கிச் சாய்கிறது. மூளை வீங்கியிருப்பவருக்குச் சமதளத்தில் 30 டிகிரி தலையுயர்த்திய ஏற்பாடு இங்கே போதாது. உதகையிலிருந்து இறங்கும்போது இன்னொன்று நடக்கும். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் வருவதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் கூடி, மூச்சுக்குழாயைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கஃப் பலூனில் உள்ள காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். மேலே சரியாக இருந்த கஃப் கீழே கசியத் தொடங்கும்; வென்டிலேட்டர் கத்தும்; குழாய் வெளியே வந்துவிட்டதோ என்று பதறுவார்கள். குன்னூரில் ஒருமுறையும் அடிவாரத்தில் ஒருமுறையும் கஃப் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு இது சில விநாடி வேலை. விமானத்தில் நோயாளிகளைக் கொண்டுசெல்பவர்களுக்கான பாடங்களில் இது முதல் அத்தியாயத்திலேயே வரும். நமது மலை மாவட்டத்து ஊழியருக்கு யாரும் சொல்லித்தருவதில்லை.

கவலைக்கிடமான நோயாளியோடு ஓட்டுநரைத் தவிரக் குறைந்தது இருவர் செல்ல வேண்டும் என்று அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கத்தின் 2004ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. நம்மிடம் பெரும்பாலும் ஒருவர். இதைப் பயிற்சியால் ஈடுகட்டிவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆள் பற்றாக்குறைக்கு ஆள்தான் மருந்து. ஆனால் அனுப்பும் மருத்துவமனையின் செவிலியர் கூடச் செல்ல நேரும் நாட்களில், ஓடும் வண்டியில் எந்த அலமாரியில் எது இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் அவர் ஏறுகிறார். அதனால் வார்டு செவிலியரை நிறுத்தியிருக்கும் வண்டிக்குள் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பழக்குவதை எங்கள் வகுப்பின் கட்டாயப் பகுதியாக்கியிருக்கிறோம்.

கடைசியாக, பின்னூட்டம். நோயாளியைக் கொண்டுசேர்த்த உதவியாளருக்கு, அவர் பிழைத்தாரா, குழாய் சரியான இடத்தில் இருந்ததா, செய்ததில் எது உதவியது என்பது பெரும்பாலும் தெரிவதே இல்லை. விளைவு தெரியாமல் ஒரு வேலையை ஆயிரம் முறை செய்தாலும் அது அனுபவமாகச் சேர்வதில்லை. நாங்கள் இப்போது ரெஃபரல் சீட்டோடு ஒரு அரைப்பக்கப் படிவத்தையும் இணைக்கிறோம். வந்துசேர்ந்தபோது இருந்த ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, குழாயின் நிலை, உடல் வெப்பநிலை, மறுநாள் நோயாளியின் நிலை ஆகியவற்றை வாங்கிய மருத்துவமனை நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். பெயரும் அடையாளமும் நீக்கி அவற்றை மாதக் கூட்டத்தில் வைத்துப் பேசுகிறோம். எல்லாம் திரும்பி வருவதில்லை. வருபவற்றில் ரத்த அழுத்தம் எப்போதும் இருக்கிறது, ஆக்சிஜன் அளவும் இருக்கிறது. வெப்பநிலைக்கான கட்டம்தான் தொடர்ந்து காலியாக வருகிறது. நம் ஊர் வெயிலில் யாருக்குக் குளிரப்போகிறது என்ற நினைப்பு. ரத்தம் இழந்தவரின் ஈர உடையை வெட்டி எடுத்து, குளிரூட்டிய வண்டியில் ஒரு மெல்லிய விரிப்போடு ஒன்றரை மணி நேரம் கொண்டுபோனால் உடல் குளிரத்தான் செய்யும். குளிர்ந்த உடலில் ரத்தம் சரியாக உறையாது. அடுத்த மாத வகுப்பை அந்தக் காலிக் கட்டத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்: வெப்பமானியோடும் கம்பளியோடும், வண்டியின் ஏ.சி. பொத்தான் யார் கையில் இருக்க வேண்டும் என்ற விவாதத்தோடும்.